வயது வித்தியாசம் பற்றி நீ கேட்டதற்கு

பிரியமான தோழிக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். இவருக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் பாடகர் குழுப் பயிற்சிக்கு ஒரு நாள் தவறுவதில்லை. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். நீ கேட்ட காரியம்தான் மனதை விட்டு அகலாமல் இருக்கிறது.

உனக்கு 33, உனக்குப் பேசியிருக்கிற அவருக்கு 51. மனைவியை இழந்தவர், கல்லூரிக்குப் போகும் மகன், வீட்டில் வயதான தாயார். "வேதம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் சொல்" என்று எழுதியிருக்கிறாய். இடம் கொடுக்கிறது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இத்தனை வயதுதான் வித்தியாசம் இருக்க வேண்டும் என்று ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரு கட்டளையும் இல்லை. ஆபிரகாம் சாராளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதை ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு தகவலாகத்தான் படிக்கிறோம். விதவை மறுபடி மணம் செய்வதைப் பற்றி எழுதும்போது பவுல் வைக்கும் ஒரே நிபந்தனை, அது கர்த்தருக்குட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே. ஆகவே இது பாவமோ என்ற பயத்தை முதலில் இறக்கி வை. பாவமில்லை என்று தெரிந்ததால் மட்டும் சரி என்று சொல்லிவிடவும் முடியாது. நீ யோசிக்க வேண்டியது அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

உன் அம்மா வேதத்தில் வரும் விதவை ரூத்தையும் அவளை மணந்த போவாஸையும் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போவாஸின் வயதை வேதம் சொல்லவில்லை. நீ வாலிபர்களின் பின்னே போகவில்லையே என்று அவர் ரூத்தைப் பாராட்டுவதிலிருந்தும், "மகளே" என்று அழைப்பதிலிருந்தும் மூத்தவர் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். நம் பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. வாற்கோதுமை அறுப்பு தொடங்கி கோதுமை அறுப்பு முடியும்வரை ரூத் அவருடைய வயலில் கதிர் பொறுக்கினாள். வேலைக்காரரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், ஆதரவில்லாத அந்நியப் பெண்ணை எப்படி நடத்துகிறார் என்பதையெல்லாம் அத்தனை நாளும் கண்ணால் பார்த்தாள். நீ இவரைப் பார்த்தது இரண்டு முறை, அதுவும் பெரியவர்கள் சூழ்ந்திருக்க. ரூத்தின் கதையைச் சொல்லி உன்னை அவசரப்படுத்துகிறவர்கள் அந்த அறுப்புக் காலத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஊழியக்காரர் ஒருவர் ஜெபத்தில் "இது தேவசித்தம்" என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ண வேண்டாம் என்று சொன்ன பவுல், உடனேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தையோ, யாரோ கண்ட தரிசனத்தையோ ஆதாரமாக வைத்து ஒருவரைக் கட்டிக்கொள்ளாதே. தேவன் உனக்குப் புத்தி கொடுத்திருப்பதும், உன்னை நேசிக்கிற நாலு பேரைக் கொடுத்திருப்பதும் அவருடைய வழிநடத்துதல்தான். ஈசாக்குக்குப் பெண் கேட்டு வந்தபோது ரெபெக்காளின் வீட்டில், "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று பெரியவர்கள் சொல்லி முடித்த பிறகும், பெண்ணை அழைத்து அவள் வாயால் கேட்போம் என்றார்கள். "போகிறேன்" என்று அவள் சொன்ன பிறகே அனுப்பினார்கள். உன்னிடம் அப்படி யாராவது கேட்டார்களா? உன் கடிதம் முழுவதும் அம்மா சொன்னது, அண்ணி சொன்னது, ஊழியக்காரர் சொன்னது. உன் சொல் என்று நான் கண்டது ஒரே வரி: "அந்தப் பையனையும் பாட்டியையும் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது." பரிதாபம் நல்ல குணம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு வாழ்நாளைக் கொடுத்துவிட முடியாது. இந்த இடத்தில் மனம் கசந்துதான் எழுதுகிறேன். நம் சபைகளில் மனைவி இறந்த ஓர் ஆண்டுக்குள் ஆணுக்கு வரன் தேடத் தொடங்குகிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அதே வயதில் கணவனை இழந்தவளுக்கு யாரும் தேடுவதில்லை, ஜெபத்தில் நிலைத்திரு என்கிறார்கள். அவர் தேடுவது மனைவியையா, தாயாரைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியையா என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அவரிடமே கேள். கேட்டால் கோபப்படுகிறவர் என்றால், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

என் பெற்றோரை உனக்குத் தெரியும். அப்பா அம்மாவைவிட 14 வயது மூத்தவர். அப்பா ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, குடும்ப ஜெபத்தைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் அம்மாவைக் கடைசிவரை வளர்க்க வேண்டிய பிள்ளையாகத்தான் நடத்தினார். எந்தப் பள்ளியில் எங்களைச் சேர்ப்பது, எந்த நிலத்தை விற்பது என்பதையெல்லாம் முடிவெடுத்த பிறகு அம்மாவிடம் சொல்வார். அப்பா இறந்த பிறகுதான் அம்மா முதன்முதலாக வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மூத்தவருக்கு அனுபவம் அதிகம், சம்பாத்தியம் அதிகம். அதனால் பேச்சும் அவர் பக்கமே சாய்ந்துவிடுகிறது. இருவரும் கெட்டவர்களாக இல்லாதபோதும் இது நடக்கிறது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவி கீழ்ப்படிவதைச் சொல்வதற்கு முன்னால், "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. நீ ஒரு காரியத்தில் மாறுபட்டுப் பேசினால் அவர் என்ன செய்கிறார் என்று பார். சின்னக் காரியமாக இருந்தாலும் போதும். இந்தக் கல்யாணம் எப்படி இருக்கும் என்பதை 18 என்ற எண்ணைவிட அது தெளிவாகக் காட்டிவிடும்.

ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கத்தரீனாவை 1525-இல் மணந்தபோது அவருக்கு 41, கத்தரீனாவுக்கு 26. மடத்திலிருந்து தப்பி வந்த அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் வேறொரு போதகரைப் பேசினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். லூத்தரின் நண்பர் ஆம்ஸ்டார்ஃபையோ லூத்தரையோ என்றால் சம்மதம் என்று தன் வாயாலேயே சொன்னார். அந்த இருவருமே அவரைவிட 15 வயது மூத்தவர்கள். ஆக அவர் பார்த்தது வயதை அல்ல, ஆளை. இருபது ஆண்டு நல்ல இல்லறம், ஆறு பிள்ளைகள். நீ யோசிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. மனைவியே எல்லாவற்றுக்கும் வாரிசு என்று லூத்தர் 1542-இல் உயில் எழுதி வைத்தும், அது சாக்சனி நாட்டுச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1546-இல் அவர் இறந்ததும் பிள்ளைகளுக்கு வேறு காப்பாளர்களை நியமித்தார்கள். போரில் நிலங்கள் பாழாயின, விட்டன்பர்க்கை விட்டு ஓட வேண்டி வந்தது. 1552-இல் டோர்காவில் கத்தரீனா இறந்தபோது கையில் அதிகம் இல்லை. கணவரின் அன்பில் குறையில்லை, ஆனாலும் பின்னால் வரப்போவதற்கு அது மட்டும் போதவில்லை.

அதனால்தான் பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசச் சொல்கிறேன். நம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இன்னொன்றும் அதே சட்டத்தில் உண்டு: ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் செல்லாமல் போய்விடும். மகனுக்கென்று அவர் ஏற்கெனவே உயில் எழுதி வைத்திருந்தால், கல்யாணத்தோடு அது இல்லாமல் போகும். அந்தப் பையனுக்கு இது பின்னால் தெரிய வந்தால், குற்றவாளியாக நிற்கப்போவது நீதான். வீடு யாருக்கு, தாயாரின் பராமரிப்பு யார் பொறுப்பு, அவருடைய பணிப்பதிவேட்டில் உன் பெயர் எப்போது சேரும் என்பதையெல்லாம் மகனையும் உட்காரவைத்துப் பேசி, புதிய உயில் எழுதச் சொல். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார், லூக்கா 14-இல்.

வயதையும் அப்படியே கணக்குப் பார்த்துவிடு. அரசு வேலையிலிருந்து அவர் 60-இல் ஓய்வு பெறும்போது உனக்கு 42. உனக்கு 35-இல் ஒரு பிள்ளை பிறந்தால், அது பிளஸ் டூ முடிக்கும்போது அவருக்கு எழுபது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை உனக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். அவருக்கு இருக்கிறதா? ஒரு மகனை வளர்த்து முடித்தவர் மறுபடியும் தொடங்க மனதில்லாமல் இருக்கலாம். இதைப் பற்றி உங்கள் இருவருக்கும் நடுவே பேச்சே எழவில்லை என்றால், சபையில் கல்யாண அறிவிப்பு வாசிக்க ஓலை கொடுக்கிற நேரம் இன்னும் வரவில்லை.

இவ்வளவு எழுதியதால் நான் தடுக்கிறேன் என்று எண்ணாதே. இந்தக் கணக்குகள் பொய்த்துப்போவதும் உண்டு. இங்கிலாந்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தம்மைவிட 16 ஆண்டு இளையவரான ஜாய் டேவிட்மேனை மணந்தார். மருத்துவமனைப் படுக்கையருகே 1957-இல் கிறிஸ்தவ முறைப்படி அவர்கள் திருமணம் நடந்தது. 1960-இல் புற்றுநோயால் முதலில் போனது இளையவரான ஜாய்தான். நாட்கள் ஆண்டவர் கையில் இருக்கின்றன. கணக்குப் பார்த்து, அவரிடமும் மகனிடமும் பேசி, அதற்குப் பிறகும் அவரோடு வாழ ஆசை இருக்கிறது என்று நீயே சொன்னால், ஊரில் யார் என்ன பேசினாலும் நான் உன் பக்கம்தான்.

ஓலை கொடுத்துவிட்டால் மூன்று ஞாயிறு வாசித்து முடிப்பார்கள், அதன்பின் நிறுத்துவது கடினம். ஆகவே சபையின் போதகரான சேகர குருவிடம் போவதற்கு முன் மூன்று நான்கு மாத அவகாசம் கேள். ஏற்கெனவே வயது ஏறிவிட்டது என்று அம்மா அழுவார்கள். அந்தப் பேச்சை என்னிடம் விட்டுவிடு, அடுத்த மாதம் நாகர்கோவில் வரும்போது நானே அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறேன். அதற்குள் அந்த மகனிடம் நீ ஒருமுறை தனியாகப் பேசிவிடு. அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

உன் பிரியமுள்ள தோழி,
பாளையங்கோட்டை