கடைசி இடம் வந்த பாட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய நாடுகள் வருடாவருடம் ஆளுக்கொரு பாட்டை அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் நோர்வேக்குக் கிடைத்தது ஒரேயொரு வரி: 'அதிக தடவை கடைசி இடம் பெற்ற நாடு.' தகவல் சரிதான். ஆனால் அதில் ஒரு பகிடித் தொனி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நோர்வேயில் யூரோவிஷன் மே மாதத்தில் தொடங்குவதில்லை. வெளியே பனி குவிந்து கிடக்கும் ஜனவரி, பெப்ரவரியில் நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. நடத்தும் 'மெலோடி கிராண்ட் பிரி'யில் தொடங்கிவிடும். 1960இல் ஆரம்பித்த போட்டி. நோர்வேயின் பெயரில் எந்தப் பாட்டு வெளியே போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகும். நான் பேருந்து ஓட்டிய காலத்தில், இறுதிச் சுற்று முடிந்த அடுத்த திங்கட்கிழமை சாரதிகளின் ஓய்வறையில் வேறு கதையே இருக்காது.

நம்மவர்கள் பலர் இதை இந்தியத் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டி மாதிரி நினைக்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளை பழைய சினிமாப் பாட்டை எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்று பார்ப்பார்கள். இங்கே போட்டியிடுவது பாட்டுத்தான். மெட்டும் சொல்லும் புதிதாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1985இலும் 1995இலும் நோர்வே யூரோவிஷனை வென்றபோது மேடையில் நின்றவர்கள் வேறு வேறு. இரண்டு மெட்டையும் போட்டவர் ஒருவரே, ரோல்ப் லோவ்லாண்ட். 1995இல் வென்ற பாட்டில் மொத்தமே 24 சொற்கள். மிச்சம் பெரும்பாலும் வயலின்.

இனிக் கடைசி இடத்துக்கு வருவோம். 1978இல் பாரிஸில் யான் தைகன் பாடினார். ஒரு புள்ளிகூட விழவில்லை. ஊர் திரும்பினால் அந்தப் பாட்டு நாடு முழுக்க ஒலிக்கிறது. 1982இலும் 1983இலும் அவரையே திரும்ப அனுப்பினார்கள். 2020இல் அவர் இறந்தபோது, எனக்குத் தெரிந்த நோர்வேக்காரர் எல்லோரும் முதலில் பேசியது அந்தப் பூச்சியப் பாட்டைப் பற்றித்தான்.

எனக்கு நெருக்கமானது 1980ஆம் ஆண்டுப் பாட்டு. நான் நோர்வேக்கு வந்து முதல் சில வருடங்கள், நம்மவர் பலரைப் போல, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். இறப்பர் பூட்ஸ், ஏப்ரன், கொட் மீன், குளிர்நீர். விபரம் தேவையில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு அறையில் வடக்கில் வாழும் 'சாமி' என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு கிழவர் 'சாமித் எட்னன்' என்ற பாட்டைக் கசெட்டில் போடுவார். 'சாமிகளின் நிலம்' என்று அர்த்தம். ஸ்வேரே கியெல்ஸ்பெர்க் நோர்வேஜிய மொழியில் பாட, மத்திஸ் ஹெத்தா என்ற சாமி இளைஞர் சொற்களே இல்லாமல் 'யொய்க்' என்ற சாமிகளின் பாரம்பரியப் பாட்டைப் பாடுவார். முன்பு பாடசாலைகளில் சாமி மொழியையே பேச விடாத நாடு இது. அல்த்தா ஆற்றில் அணை கட்டும் முதல் திட்டத்தில் மாசே என்ற சாமிக் கிராமமே தண்ணீருக்குள் போக இருந்தது. ஹெத்தா அந்தக் கிராமத்துக்காரர். 1979இல் அந்த அணையை எதிர்த்துச் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த வருடமே இந்தப் பாட்டு நோர்வேயின் பாட்டாகத் தெரிவாகி ஹேக் நகரத்துக்குப் போனது. 19 நாடுகளில் 16ஆவது இடம். அந்தக் கிழவருக்கு அந்த இலக்கம் ஞாபகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு நாடும் தன் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி 1999இல் நீங்கியதும் எல்லோரையும் போல நோர்வேயும் ஆங்கிலத்துக்குத் தாவியது. 2006க்குப் பிறகு நோர்வேஜிய மொழியில் ஒரு பாட்டுப் போக 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் 'கோத்தே' என்ற குழு 'உல்வஹாம்' பாடியது. மாற்றாந்தாய் ஒருத்தி சூனியம் வைத்து ஒரு பெண்ணை ஓநாயாக்கிவிடும் பழைய கதை, எங்கள் ஆச்சிமார் சொன்னால் நம்பும்படியான கதை. சுவீடனின் மல்மோவில் 25ஆவது, கடைசி இடம். என் மகள் அன்றைக்கே சொன்னாள், "அப்பா, ஆங்கிலப் பாட்டு ஒன்றை அனுப்பியிருந்தால் இப்படி வந்திருக்காது" என்று. வராமல் இருந்திருக்கலாம். 2009இல் பெலரூஸில் பிறந்த அலெக்சாண்டர் ரீபாக் ஆங்கிலத்தில் பாடித்தான் 387 புள்ளிகளை அள்ளினார். ஆனாலும் 'உல்வஹாம்' போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

என் வருத்தம் வேறு. 2023 மெலோடி கிராண்ட் பிரி இறுதிச் சுற்றில் முடிவின் 40 வீதத்தை வெளிநாட்டு நடுவர்களுக்குக் கொடுத்தார்கள், மக்களுக்கு 60. நம் வீட்டுக் கூறைச் சேலையைத் தெரிவு செய்ய அயலூர்க்காரரைக் கடைக்குக் கூட்டிப்போவது போலத்தான் இது எனக்குப் படுகிறது. வெளியே போய் வெல்ல வேண்டிய பாட்டு, வெளியாட்களின் காது தேவை என்பார்கள். அந்த வருடம் தெரிவான அலெசான்ட்ரா லிவர்பூலில் ஐந்தாவதாக வந்தார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் 2019ஐயும் பாருங்கள்: யொய்க் கலந்த கெய்னோ குழுவின் பாட்டுக்கு ஐரோப்பிய மக்களின் வாக்கில் முதலிடம். நடுவர்கள் தூக்கிக் கீழே போட்டதால் ஆறாவது. மக்கள் தங்கள் விருப்பத்துக்குத் தெரிந்தெடுக்கட்டும், தோற்றால் தோற்கட்டும். 2011இல் கென்யாவில் பிறந்த ஸ்டெல்லா முவாங்கியின் சுவாஹிலி கலந்த பாட்டையும் இந்த மக்கள்தான் தெரிவு செய்தார்கள். அது அரையிறுதியையே தாண்டவில்லை. அதனால் என்ன?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் வெற்றிப் பட்டியலை மட்டும் போடாமல், ஜனவரியில் பாட்டுகள் வெளியானதும் அவற்றின் கருத்தைத் தமிழில் நாலு வரி எழுதிப் போடுங்கள். நோர்வேயில் உங்கள் பத்திரிகையை வாசிப்பவர்கள் பலர். வாக்குரிமை எங்களுக்கும் இருக்கிறது. பாதிப் பேர் அந்த நேரம் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி,
ஒஸ்லோ.