போட்டோ, லிங்க், ஃபைல்: ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

கோபியிலிருந்து உங்கள் அச்சகத்தாரின் வணக்கமுங்க.

ஆடி பிறந்து முதல் இரண்டு வாரம்தான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம். கோவில் நோட்டீசும் ரசீதுப் புத்தகமும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பதினெட்டு கழிந்தால் ஆவணிக் கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும், அப்புறம் நின்று பேச முடியாது. அதனால்தான் இந்த மடலை இப்போதே எழுதுகிறோம். "அனுப்பின போட்டோவையே மறுபடி அனுப்பச் சொல்றீங்களே, ஏனுங்க?" என்று போன சீசனில் நிறையப் பேர் கேட்டீர்கள். சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு. அதற்கான பதில்தான் இது.

முதலில் போட்டோ. நீங்கள் எடுக்கும் படம் உங்கள் போனில் நன்றாகத்தான் இருக்கும். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் படத்தை 13 அங்குல அகலம் வரைக்கும் கண்ணாடி மாதிரி அச்சடிக்கலாம். அதையே வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், போகிற வழியிலேயே இளைத்து 1600க்கு 1200 அளவில்தான் எங்களிடம் வந்து சேரும். இப்போது ஐந்தே கால் அங்குலம்தான் தாங்கும். பத்திரிகையில் மணமக்கள் படத்துக்கு அது போதும் என்று நினைப்பீர்கள். போதும்தான், ஆனால் யாரும் முழுப்படத்தை அப்படியே போடச் சொல்வதில்லை.

எல்லாரும் கேட்பது தாத்தா பாட்டி படம். பத்திரிகையின் தலைப்பில், 'ஆசியுடன்' என்கிற வரிக்குப் பக்கத்தில், காலமான பெரியவர்களின் முகம் இருக்க வேண்டும் என்பார்கள். அந்தப் பெரியவரோ தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. யாரோ பேத்தியின் சீரில் இருபது பேரோடு நின்றிருப்பார். அந்தப் படம் வாட்ஸப்பில் நாலு கை மாறி வந்திருக்கும். முகத்தை மட்டும் வெட்டினால் 80 புள்ளிதான் தேறும். அச்சுக் கணக்கில் அது கால் அங்குலம், புளியங்கொட்டை அளவுகூட வராது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். கம்ப்யூட்டரில் இப்போது தெளிவாக்கித் தரும் வசதியெல்லாம் இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அது இல்லாத விவரத்தைத் தானாக ஊகித்து வரையும். ஒரு வீட்டில் அப்படிச் செய்து காட்டினோம். பாட்டி பார்த்துவிட்டு, "இது யாருங்க கண்ணு?" என்றார்கள். அன்றோடு விட்டுவிட்டோம்.

ஆகவே வாட்ஸப்பில் அனுப்பும்போது கிளிப் படத்தைத் தொட்டு, 'கேலரி' என்பதை விட்டுவிட்டு 'டாக்குமென்ட்' என்பதில் போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி அனுப்பினால் ஒரு புள்ளி குறையாமல் வரும், 2 ஜிபி வரை போகும். 2023இல் வந்த 'எச்டி' பொத்தானை அழுத்தினாலும் பரவாயில்லை, ஆனால் டாக்குமென்ட் வழிதான் எங்களுக்கு நிம்மதி. மாமா அனுப்பினது, குரூப்பில் வந்தது என்று மறு அனுப்பல் வேண்டாம். யார் போனில் எடுத்ததோ அந்தப் போனிலிருந்தே வரட்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்டிய பழைய படம் என்றால் போனில் எடுத்து அனுப்பாமல் சட்டத்தோடு கடைக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடியைக் கழற்றி ஸ்கேன் செய்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவோம். அதற்குக் காசு இல்லை.

ஃபிளெக்ஸ் விஷயம் வேறு. பத்தடி பேனரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள், அதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவையில்லை. பேனரில் நன்றாக வந்த படம் பத்திரிகையில் ஏன் மங்குகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது லிங்க். இங்கே எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறோம். போன தை மாதம் ஒரு வீட்டுக்காரர் மண்டபத்துக்கு வழி காட்டும் கியூஆர் கட்டம் கேட்டார். இடத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னோம். அவர் அனுப்பியது 'லைவ் லொகேஷன்'. அது ஆள் நகர நகரக் கூடவே நகரும். கால் மணி நேரம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என மூன்று வாய்ப்புதான், பிறகு நின்றுவிடும். நாங்கள் திறந்து பார்த்த நேரத்தில் அவர் சத்தி ரோட்டில் உரக்கடையில் நின்றிருக்கிறார். நாங்களும் அந்தப் புள்ளியையே எடுத்துக் கட்டமாக்கி 600 பத்திரிகை அடித்துவிட்டோம். பெண்ணின் தம்பி ஸ்கேன் செய்து பார்த்திருக்காவிட்டால் முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் யூரியா மூட்டைக்கு மொய் வைத்திருப்பார்கள். அத்தனையும் எங்கள் செலவில் மறுபடி அடித்தோம்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பியும் போட முடியாது. நம் பக்கம் பாளையங்கள் கொஞ்சமா? அந்தியூரில் குருநாதசாமி கோவில் தேரும் குதிரைச் சந்தையும் நடக்கிற புதுப்பாளையம் ஒன்று, அதே பெயரில் கொங்கில் வேறு ஊர்களும் உண்டு. கூகுள் மேப்பில் மண்டபத்தின் வாசலில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். அதில் 'பகிர்' தொட்டு வருகிற லிங்க்கை அனுப்புங்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) விசேஷம், கதவு எண்ணே கிடையாது என்றால் அதே குறியின் கீழே 'பிளஸ் கோடு' என்று எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று வரும். சுமார் 14 மீட்டர் சதுரத்துக்கு ஒரு கோடு என்பதால் எங்கே வண்டியை நிறுத்துவது என்கிற வரை சொல்லிவிடும்.

கியூஆர் கட்டத்தை இலவசத் தளத்தில் நீங்களே செய்துகொண்டு வருவதும் இப்போது நடக்கிறது. செய்யலாம், ஆனால் கவனியுங்கள். இதில் இரண்டு வகை. ஒன்றில் உங்கள் லிங்க்கே கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். அது காகிதம் இருக்கும் வரை வேலை செய்யும். இன்னொன்றில் அந்தத் தளத்தின் லிங்க்தான் இருக்கும், அது சுற்றிக்கொண்டு போய் உங்கள் இடத்தைக் காட்டும். சில நாள் கழித்து அவர்கள் பணம் கட்டச் சொல்லிக் கதவை மூடிவிட்டால், அடித்த பத்திரிகை அத்தனையும் வீண். முதல் வகையை நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம். நீண்ட லிங்க் என்றால் கட்டத்துக்குள் கரும்புள்ளிகள் நெருக்கியடிக்கும், அதனால் கூகுள் தருகிற குட்டி லிங்க்கையே கொடுங்கள்.

கட்டத்தின் நடுவில் பிள்ளையார் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாம். 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இதை உருவாக்கியபோதே, அழுக்குப் பட்டாலும் படிக்கும்படி அமைத்தார்கள். பிழை தாங்கும் அளவை உயர்ந்த நிலையில் வைத்துப் போட்டால் 30 சதவீதம் வரை மறைந்தாலும் போன் படித்துவிடும். ஆனால் மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் கெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பத்திரிகையின் ஓரத்தில் கட்டம் வைக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கிறோம். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன உடனே பெரியவர்கள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார்களே! ஈரோட்டு மஞ்சள் காய்ந்தால் எந்தப் போனும் ஊடுருவிப் பார்க்காது. அரக்குத் தாளில் தங்க ஜரிகை நிறத்தில் கட்டம் வேண்டும் என்பதும் அப்படித்தான். வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம், குறைந்தது இரண்டு சென்டிமீட்டர். இதில் நாங்கள் இறங்கி வருவதாக இல்லை.

கோவில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கும்பாபிஷேக நோட்டீசில் நன்கொடைக்கான யூபிஐ கட்டம் போடுவதென்றால் வங்கிக் கணக்கு வைத்திருப்பவரே நேரில் வர வேண்டும். ப்ரூஃபில், அதாவது மாதிரிப் படியில், ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பி, கோவில் பெயர் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் பிளேட் போடுவோம்.

கடைசியாக ஃபைல். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. மீறினால் அதுவே டிரைவில் ஏற்றி லிங்க்காக அனுப்பிவிடும். அதில் தப்பில்லை. ஆனால் அனுமதியை 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றாமல் விட்டால் நாங்கள் 'அனுமதி வேண்டும்' என்று உங்களைக் கேட்டுக்கொண்டே இருப்போம், நீங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பீர்கள். படத் தொகுப்பின் லிங்க்கைப் பத்திரிகையிலேயே அடித்திருந்தால், விசேஷம் முடியும் வரை அந்த ஃபைலை அழிக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியலைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டாம். பழனிசாமியா பழனிச்சாமியா என்பது காதில் விழாது, அட்டையில் விழும். போனில் தட்டச்சு செய்த எழுத்தாகவே அனுப்புங்கள். அது யூனிகோடு, எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்து முறை. எங்கள் பழைய மென்பொருளில் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டது. அதில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது பெரும்பாலும் 'ஸ்ரீ'தான் உடையும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அது இரண்டு விதமாகத் தட்டச்சாகும் எழுத்து. ப்ரூஃப் பார்க்கும்போது குலதெய்வத்தின் பெயரை முதலில் பாருங்கள், ஸ்ரீ அங்கேதான் இருக்கும். பிறகு கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர் பெயர், இணைச்சீர் செய்கிற அக்கா பெயர், அப்புறம் தேதி. அனுப்பும் படத்துக்கும் 'மாப்பிள்ளை தாத்தா', 'பெண் வீட்டு அப்பத்தா' என்று பெயர் வைத்தால் எங்கள் பையன் ஆளை மாற்றி வைக்க மாட்டான்.

இவ்வளவும் சிரமம் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வாருங்கள், கேபிள் இருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் திறப்போம், ஞாயிறு மதியம் வரை.

அப்புறம் ஒன்று. போன வருடம் விட்டுப்போன ஏழு பென் டிரைவ் எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒன்றில் பச்சைக் கயிறு கட்டியிருக்கிறது, உள்ளே ஒரு காதுகுத்துப் படம் முழுவதும் இருக்கிறது. அந்தக் குழந்தையின் வீட்டார் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தார்
கோபிசெட்டிபாளையம்