மேக்ஸ் 10 ஏன் இன்னும் வரவில்லை?

கோத்தகிரி
தை 6

அன்புள்ள சந்திரா,

கடிதம் கிடைத்தது. இங்கே பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல இழுபறிதான். தலைகுந்தாப் பக்கம் உறைபனி நன்றாக விழுகிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். விமானம் ஓட்டும் உன் மருமகப்பிள்ளை கேட்டதற்கே நேராக வருகிறேன்: 2021-லேயே பறந்த போயிங் 737 மேக்ஸ் 10 விமானத்துக்கு, பயணிகளை ஏற்ற அனுமதிக்கும் சான்று இன்னும் ஏன் இழுக்கிறது?

பேப்பரில் வரும் தேதிகள் எல்லாம் விற்கிறவன் சொல்லும் தேதிகள். சான்று தரும் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. எந்தத் தேதிக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கம்பெனி தன் பைலட்டுகளை வைத்து எத்தனை மணி பறந்தாலும் அது சொந்தச் சோதனைதான். டிஐஏ என்ற, சான்றுக்கான சோதனையைத் தொடங்கும் அனுமதி வந்த பிறகு, எஃப்.ஏ.ஏ. ஆட்களும் ஏறிப் பறப்பதுதான் கணக்கில் சேரும். போயிங்கின் இன்னொரு புது விமானமான 777-9 முதலில் பறந்தது 2020 ஜனவரியில். டிஐஏ வந்தது 2024 ஜூலையில். அடுத்த மாதமே எஞ்சினைத் தாங்கும் திரஸ்ட் லிங்கில் விரிசல் தெரிந்து, 2025 ஜனவரி வரை பறக்கவில்லை. முதல் டெலிவரி இப்போது 2027 என்கிறார்கள்.

மேக்ஸ் கதை வேறு. அங்கே சட்டத்திலேயே கெடு இருந்தது. மேக்ஸின் இரண்டு விபத்துகளுக்குப் பின் 2020 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம், இரண்டு வருஷத்துக்குள் சான்று வாங்காத விமானத்தில் நவீன எச்சரிக்கை முறை இருந்தே ஆகவேண்டும் என்றது. 737-ல் இன்னும் பழைய மாஸ்டர் காஷன் என்ற பொது எச்சரிக்கை விளக்கும், எந்தப் பகுதியில் கோளாறு என்று காட்டப் பக்கத்துக்கு ஆறு பெயர்ப் பட்டைகளும்தான். அதை மாற்றினால் ஏற்கெனவே பறக்கும் மேக்ஸ் 8 ஓட்டுகிறவருக்கு 10-க்குத் தனிப் பயிற்சி வேண்டும். விற்பனையின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். 2022 டிசம்பர் 27-ல் கெடு முடிந்தது. அமெரிக்க காங்கிரஸ் முன்பே நிறைவேற்றியிருந்த தளர்வு இரண்டே நாளில் சட்டமானது. பதிலுக்கு, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமான ஆங்கிள் ஆஃப் அட்டாக்கை, இரண்டு சென்சார்கள் போக, கணக்கிட்டுச் சொல்லும் மூன்றாவது மூலம் ஒன்று, பொய்யாக அலறும் எச்சரிக்கையை நிறுத்த ஒரு சுவிட்ச். 10-க்குச் சான்று கிடைத்து மூன்று வருஷத்துக்குள் பழைய மேக்ஸ்களிலும் இவற்றைப் போட வேண்டும். இது மோசமான பேரம் இல்லை என்பதே என் எண்ணம். கெடு இல்லாவிட்டால் அந்த இரண்டும்கூட வந்திருக்காது.

இப்போது உண்மையான முட்டுக்கட்டை, எஞ்சின் முகப்பில் பனிக்கட்டி பிடிக்காமல் காக்கும் எஞ்சின் ஆன்டி-ஐஸ். வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்து, கண்ணுக்குத் தெரியும் ஈரமும் இருந்தால்தான் அதைப் போட வேண்டும். தொட்டபெட்டாவில் 8 டிகிரி மூடுபனி என்றால் போடணும். தலைகுந்தாவில் பூஜ்யத்தில் வானம் பளிச்சென்று இருந்தால் வேண்டாம். போட்டதும் எஞ்சினிலிருந்து சூடான காற்று முகப்பு வளையத்துக்குள் போகும். மேகத்தை விட்டு வெளியே வந்தபின் அணைக்க மறந்தால், ஈரமில்லாத காற்றில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. கம்போஸிட் என்ற நார்-பிசின் கலவையால் ஆன முகப்பு அளவுக்கு மீறிச் சூடாகி உடையலாம். துண்டுகள் பறந்து ஜன்னலில் அடித்தால் கேபின் அழுத்தம் போய்விடும். அதனால்தான் 2023 ஆகஸ்டில், வறண்ட காற்றில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போடாதே என்று உத்தரவு வந்தது. அணைப்பது மனிதன் கையில், தானாக அணையாது. கையில் இரண்டு செக்லிஸ்ட் ஓடும் நேரத்தில் அந்த சுவிட்ச் மறந்துபோவது பெரிய அதிசயம் இல்லை.

சான்றுக்குக் காத்திருக்கும் இன்னொரு ரகமான மேக்ஸ் 7-க்கு, இந்த ஆன்டி-ஐஸ் குறையோடே சான்று பெற 2026 வரை விலக்குக் கேட்டார்கள். 2024 ஜனவரி 5-ல் ஒரு மேக்ஸ் 9-ல், பயன்படுத்தாத கதவுத் துளையை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதும், அந்த மாதக் கடைசியிலேயே விலக்கு மனுவைத் திரும்பப் பெற்றார்கள். விலக்கு வாங்கிப் பிறகு சரிசெய்யும் வழி அடைபட்டதால், முதலில் மாற்றம், பிறகு சான்று என்றானது. 7, 10 இரண்டின் சான்றும் 2026-க்குத் தள்ளிப்போனது.

ஏர்பஸ்காரனும் தப்பவில்லை. அவர்களுடைய நெடுந்தூர விமானமான ஏ321 எக்ஸ்எல்ஆரின் பின்புற எரிபொருள் டேங்க் விமான உடலோடு ஒன்றாகக் கட்டப்பட்டது. விமானத்துக்கு வெளியே தரையில் தீப்பிடித்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசா தனி நிபந்தனை போட்டது. சான்று 2024 ஜூலையில்தான் கிடைத்தது.

மருமகப்பிள்ளை 10-க்காகக் காத்திருக்க வேண்டாம். 8-ல் ஏறி மணிக்கணக்கைச் சேர்க்கட்டும். ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் இரண்டுக்கும் ஒன்றே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. 10 வரும்போது வேறுபாட்டுப் பயிற்சி போதும். எஃப்.ஏ.ஏ. சான்று வந்தபின் நம் நாட்டு விமானத் துறை அமைப்பான டிஜிசிஏவின் ஏற்பும் வேண்டும், அதையும் சொல்லிவை.

அன்புடன்,
ரங்கன்