பாப்பாவைத் தரையில் விடு

கோத்தகிரி,
கார்த்திகை மாதம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் பாப்பா அழுகிறாள், இல்லாவிட்டால் குக்கர் விசில் அடிக்கிறது. பாதி விஷயம் உன் காதிலேயே விழுவதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மார்கழி, தை இரண்டும் இங்கேதான் என்று மாப்பிள்ளை சொன்னார். வரும்போது பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும். தவழ்வது, பிடித்து நிற்பது, மென்று தின்பது எல்லாம் அடுத்தடுத்து வரும் நேரம். குளிருக்குப் பயந்து அந்த இரண்டு மாதத்தையும் மடியிலும் கம்பளியிலும் கழித்துவிடக் கூடாது கண்ணு. அவளைத் தரையில் விட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் வரும் வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து வெளிச்சத்திலேயே ஏறிவிடுங்கள். மலை ஏற ஏற காது அடைக்கும். நமக்கு எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், அவளுக்கு அது தெரியாது, அழுவாள். குஞ்சப்பனையில் கடைகள் இருக்கும் இடத்தில் ஒரு தடவை, அரவேனுவில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி இரண்டு நிமிஷம் பால் கொடு. வயிறு முட்டக் கொடுக்காதே. நான்கு வாய் விழுங்கினாலே காது திறந்துகொள்ளும். ஓடும் வண்டியில் மடியில் வைத்து, இருவருக்கும் சேர்த்து பெல்ட் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பிரேக் அடித்தால் உன் எடை முழுவதும் அவள் மேல் இறங்கும். பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டைப் பின் இருக்கையில் மாட்டச் சொல்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, சில்லென்று இருக்கும் சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கட்டில் மெத்தையில் விடுவது. மெத்தையில் முழங்கால் புதையும், கை ஊன்றினால் அமுங்கும். தள்ளுவதற்குக் கெட்டியான இடமே கிடைக்காது. பத்து நாள் இப்படிப் போனால், "மலைக்கு வந்ததும் தவழ்வதை நிறுத்திவிட்டாள்" என்று நீயே சொல்வாய். கூடத்தில் கிழக்கு ஜன்னல் ஓரம் ஒழித்து வைத்திருக்கிறேன். அங்கே அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரிக்க வேண்டும். குளிரைத் தடுப்பது அந்த அட்டைதான். அதன் மேல் கோரைப்பாய், அதற்கு மேல் ஜமக்காளம். ஜமக்காளத்தின் நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் மடித்து விடு, இல்லாவிட்டால் அவளோடு சேர்ந்து அதுவும் நகரும். கடையில் விற்கும் ரப்பர் ஃபோம் பாய் மோசமில்லை. ஆனால் எழுத்து எழுத்தாகக் கழன்று வருவதை வாங்காதே, பல் முளைக்கும் பிள்ளை கடித்துப் பிய்த்துவிடும்.

தரையில் இருக்கும்போது சாக்ஸைக் கழற்றிவிடு. இதற்குத்தான் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கால் கட்டைவிரலை ஊன்றித்தான் பிள்ளை முன்னே தள்ளும். சாக்ஸ் போட்டால் வழுக்கும். வழவழப்பான பேண்ட்டும் அப்படித்தான், பருத்திப் பேண்ட் முழங்காலுக்குப் பிடிப்புத் தரும். கையும் காலும் சில்லென்று இருந்தால் குளிர் ஏறிவிட்டதாக நினைக்காதே, சின்னக் குழந்தைக்கு அது வழக்கம். பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார். கதகதப்பாக இருந்தால் சரி. வேர்வை பிசுபிசுத்தால் ஒரு சட்டையைக் கழற்று. பிடரியே சில்லென்றிருந்தால்தான் இன்னொன்று போட வேண்டும். நாம் போடுவதைவிட ஒன்று அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்: உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன், முழுக்கை சட்டை, மேலே ஸ்வெட்டர். ஐந்தாறு சட்டை மாட்டிய பிள்ளைக்கு முழங்கை மடங்காது, கவிழ்ந்தால் திரும்பப் புரளவும் வராது. தூங்கும்போது வீட்டுக்குள் குல்லா வேண்டாம். தலை வழியாகவும் சூடு வெளியேற வேண்டும். குல்லா இறங்கி மூக்கை மூடினால் அதுவும் ஆபத்து.

நீ அறையைச் சூடாக்குவாய், எனக்குத் தெரியும். ஹீட்டரைப் படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்துவிடு. எரியும்போது அவள் கைக்கும் அதற்கும் மூன்றடி இடைவெளி இருக்கட்டும். கரிக் கணப்பை மட்டும் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கரி கனல்வதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, கண்ணும் எரியாது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருப்பதில்லை. வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடேற்றலாம், பிள்ளையைப் போடும் முன் எடுத்துவிட வேண்டும்.

தூளி தூங்க மட்டும். அவள் எழுந்து உட்கார முயலத் தொடங்கிவிட்டால் அதையும் அவிழ்த்துவிடலாம், விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துக் கவிழ்வாள். வாக்கர் வாங்கட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அது நடையைச் சொல்லிக் கொடுக்காது. நுனிக்காலில் உந்தப் பழக்கும், தன் பாதம் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க விடாது. நம் வீட்டு வாசலில் ஏழு படி, அதைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. கனடாவில் 2004லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். சாய்ந்து விழாத கனமான மர முக்காலி ஒன்று இருக்கிறது, பிடித்து எழுந்திருக்க அது போதும்.

எந்த மாதம் எது வரும் என்று சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதே. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 முதல் 9 மாதத்துக்குள், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 முதல் 13½, தனியாக நடப்பது 8 முதல் 17½ மாதத்துக்குள். எவ்வளவு அகலம் பார். தவழாமலே எழுந்து நடக்கும் பிள்ளைகளும் நூற்றுக்கு நான்கு பேர் உண்டு. வயிற்றால் நீந்துவது, பின்பக்கமாகப் போவது, உட்கார்ந்தபடியே நகர்வது எல்லாமே நகர்ச்சிதான். 9 மாதம் கடந்தும் உட்காரவில்லை, 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வந்த பழக்கம் ஒன்று மறைந்துபோகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு. நம் பிள்ளைத்தமிழ்ப் பாட்டுகளில் கை ஊன்றித் தலையாட்டும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கை தட்டிச் சப்பாணி கொட்ட ஒன்பதாம் மாதம், நடந்து வரும் வருகைக்குப் பதின்மூன்றாம் மாதம் என்று வைத்திருக்கிறார்கள். பாடியவர்கள் பிள்ளையைத் தரையில் விட்டுப் பார்த்தவர்கள்தான்.

குளியல் பதினொரு மணிக்கு மேல், வெயில் ஏறியபின். அண்டாவில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், மாற்றி ஊற்றாதே. முழங்கையை விட்டுப் பார், சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஐந்து நிமிஷம் போதும். தேங்காயெண்ணெய் இங்கே உறைந்துவிடும், கிண்ணத்தை வெயிலில் வை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொல்லி ஆள் வருவார்கள், விடாதே. மூச்சில் ஏறினால் நுரையீரலில் தங்கிவிடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வெயில் காட்டுவது நல்லது, ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. டாக்டர் எழுதிய 400 யூனிட் சொட்டு மருந்தை ஒரு வயது வரை நிறுத்தாதே. பாட்டிலைப் படித்துப் பார்த்துக் கொடு: சிலதில் ஒரு மில்லிக்கு 400, சிலதில் 800.

இனி சாப்பாடு. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் வைத்த பருப்பு குழையவே குழையாது, குக்கரில் உங்கள் ஊரைவிட இரண்டு விசில் கூட விடு. எட்டு மாதத்துக்கு ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், அதாவது 125 மில்லி, இரண்டு மூன்று வேளை. ஒன்பதிலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் வழக்கம்போல. மிக்சியை எடுத்து வராதே. விரலால் மசித்துச் சின்னக் கட்டி இருக்கும்படி கொடு. பத்து மாதம் வரை கூழாகவே கொடுத்துப் பழக்கினால், பிறகு ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் குமட்டும். கிண்ணம் இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். வெந்நீர் ஊற்றிய பெரிய கிண்ணத்துக்குள் அதை உட்கார வை. பட்டர் ஃப்ரூட் பழுத்ததைச் சுரண்டி அப்படியே ஊட்டலாம். முட்டை மஞ்சள் கெட்டியாகும்வரை வேகட்டும். கேரட் மலிவு என்று தினமும் கொடுத்தால் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகும். கண் வெள்ளை வெளுப்பாகவே இருந்தால் அது காமாலை இல்லை. கேரட்டைக் குறைத்தால் போய்விடும். உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் ஒரு வயது வரை இல்லை.

டீ விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு அக்காக்கள் பாசத்தில் பிஸ்கட்டை டீயில் நனைத்து நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி நீயே தின்றுவிடு. டீயில் இருக்கும் டேனின் சாப்பாட்டு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு தீர்ந்து வருகிற பிள்ளைக்கு அது நேர் நஷ்டம். இரும்புச்சத்து டானிக் வாரம் இரண்டு தடவை 1 மில்லி. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ மருந்தும் உண்டு. அந்த நேரம் நீ இங்கே இருப்பாய். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வை, பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தேடாதே. இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

கோரைப்பாய் மட்டும் மேட்டுப்பாளையத்தில் வாங்கி வந்துவிடு. ஆறடிக்கு மூன்றடி, இரண்டு. பத்தமடைப் பாய் மாதிரி வழவழப்பானது வேண்டாம், சொரசொரப்பாகத் தடியாக இருக்கட்டும். அட்டைப்பெட்டி அப்பா சேர்த்து வைத்துவிட்டார்.

அம்மா