உண்ணியின் இனமும் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு,

உண்ணி கடிப்பதால் பரவும் குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். இறந்த குரங்கைப் பரிசோதித்ததைச் சொன்ன செய்தியில், அதன் உடம்பிலிருந்த உண்ணி எந்த இனம் என்ற தகவல் இல்லை. எல்லாம் உண்ணிதானே என்று விட்டுவிடக் கூடாது. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டக் காடுகளில் கண்டறியப்பட்ட இந்நோயை முக்கியமாகப் பரப்புவது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. தொழுவத்து மாட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் உண்ணி வேறு. இனம் தெரிந்தால்தான் எந்தக் காட்டில், யாரை எச்சரிப்பது என்று முடிவெடுக்க முடியும்.

கூடலூர்ப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தபோது, செத்த புள்ளிமானின் காது மடலில் ஆமணக்கு விதைபோல் உப்பியிருந்த உண்ணிகளை விரலால் பிய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வாயுறுப்பு தோலிலேயே தங்கிவிட்டதால் இனம் காண முடியவில்லை என்று பதில் வந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்துக்கும் கூர்முனை இடுக்கியும் ஆல்கஹால் குப்பிகளும் கொடுங்கள். விலங்கு, இடம், தேதி எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை கரைந்துவிடும். அப்புறம், வனக் காவலர்களுக்கு ஒருநாள் பயிற்சியும் அவசியம்.

— ஓய்வுபெற்ற கால்நடைப் பராமரிப்பு உதவியாளர், நீலகிரி