டாங்கியை எண்ணி ஆப்பிரிக்கப் படைகளை எடைபோடும் நண்பர்களுக்கு

ராணுவ விஷயங்களைத் தமிழில் எழுதியும் பேசியும் வரும் நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் தரவரிசைகளை விடாமல் படிக்கிறவன் நான். எகிப்திடம் இத்தனை டாங்கி, அல்ஜீரியாவிடம் இத்தனை சுகோய், ஆகவே இவருக்கு முதலிடம், அவருக்கு இரண்டாமிடம் என்று போகும். பட்டியல் முடிந்ததும் வாதம் தொடங்கும். "எல்லாம் ஓட்டை உடைசல், ரஷ்யாக்காரன் கழித்துக் கட்டியது" என்பார் ஒருவர். "ஆயுதம் இருந்து என்ன செய்ய, அவனுக்குச் சண்டை போடத் தெரியாதே" என்பார் இன்னொருவர். அந்த இரண்டாவது பேச்சில் இருக்கும் நிறத் திமிரைப் பற்றி நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ராணுவக் கணக்காகப் பார்த்தாலே அது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் இந்திய ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். வியூகம் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஷெட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எது கிளம்பும், எது அணிவகுப்புக்கு மட்டும் பெயின்ட் அடித்து நிறுத்தியது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் 1987, சாட் நாடு. அதன் வடபகுதியில் லிபியா குந்தியிருந்தது. லிபியாவை ஆண்ட கடாஃபியிடம் டி-55 டாங்கிகள், மி-24 ரக ஹெலிகாப்டர்கள், டு-22 குண்டுவீச்சு விமானங்கள். சாட்காரர்களிடம் டொயோட்டா பிக்-அப்புகள். வண்டியின் பின்தட்டில் ஒரு மெஷின்கன், இல்லாவிட்டால் பிரான்ஸ் கொடுத்த மிலான் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. ஜனவரி 2-ல் ஃபாடா விழுந்தது. மார்ச் 22-ல் வாடி தூம் விமானதளம் விழுந்தது. ஹசன் ஜமூஸ் என்ற தளபதி செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில், முழு வேகத்தில் உள்ளே ஓட்டினார். டி-55-ன் கோபுரம் சுற்றித் திரும்பிக் குறி பார்ப்பதற்குள் டொயோட்டா பக்கத்தில் வந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டால் மிலானுக்குத் தப்பும் டாங்கி குறைவு. வாடி தூமில் சிறைபட்ட லிபியத் தளபதி யார் தெரியுமா? கலீஃபா ஹஃப்தார். இன்று கிழக்கு லிபியாவை ஆட்டிவைக்கும் அதே ஆள்தான். அங்கே விட்டுப்போன சோவியத் ஹெலிகாப்டர் ஒன்றை 1988-ல் அமெரிக்கர்கள் சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிப் போனார்கள், பிரித்துப் பார்க்க. இதெல்லாம் சாட்காரர்களின் தனி மகிமை என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸின் விமானங்கள் பின்னால் நின்றன, அமெரிக்கப் பணமும் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாடி தூமில் ஜெயித்தது ஆப்பிரிக்கப் படை, தோற்றதும் ஆப்பிரிக்கப் படை. "ஆப்பிரிக்கச் சிப்பாயின் தரம்" என்று ஒரே அளவுகோலை நீட்டினால் இந்தச் சண்டையை எப்படி விளக்குவீர்கள்? கடாஃபி தானே 1969-ல் ராணுவப் புரட்சி செய்து வந்தவர். அவருக்கு எதிரியைவிடத் தன் கர்னல்கள் மீதுதான் பயம். அப்படிப்பட்டவர் டாங்கியை வாங்கிக் குவிப்பார், ஓட்டுகிறவனைத் தேர்ச்சி பெற விடமாட்டார். லிபியா வாங்கிய டாங்கிகளில் பெரும்பகுதிக்கு ஆளே இல்லை, கிடங்கில்தான் கிடந்தன. உங்கள் பட்டியல் முறைப்படி அந்த வருடம் லிபியாவுக்குத்தான் முதலிடத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும்.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், ஏனென்றால் "சரக்கு மட்டம்" என்பவர்களுக்கும் "ஆள் மட்டம்" என்பவர்களுக்கும் ஒரே நாட்டில் பதில் இருக்கிறது.

சரக்கைப் பார்ப்போம். ஜி-5 பீரங்கி 155 மி.மீ. ரகம், அந்தக் காலத்திலேயே 40 கிலோமீட்டருக்கு அருகில் அடித்தது. அங்கோலாவில் வேலை காட்டியது, இராக்கும் வளைகுடா நாடுகளும் வரிசையில் நின்று வாங்கின. காஸ்பிர் என்ற கவச வண்டியின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது, படகுபோல் வி வடிவத்தில் இறங்கும். கண்ணிவெடி கீழே வெடித்தால் அதிர்வு இரண்டு பக்கமாகச் சிதறும். சக்கரம் பறக்கும், அச்சு பறக்கும், ஆள் பிழைப்பான். அப்புறம் வேறு சக்கரம் மாட்டி அனுப்பிவிடலாம். பழுது பார்க்கிறவனை மனதில் வைத்து வரைந்த வண்டி அது என்று நான் மெச்சுவேன். கூடவே இதையும் சொல்லவேண்டும்: நிறவெறி அரசு அதே வண்டியைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் விட்டுத்தான் அவர்களை ஒடுக்கியது. பிறகு இராக்கில் சாலையோரக் குண்டுகளில் ஆட்களை இழந்த அமெரிக்கா, இதே வி வடிவத்தைத்தான் தன் வண்டிகளுக்கு எடுத்துக்கொண்டது. நம் ராணுவமும் காஸ்பிர் வாங்கிக் காஷ்மீரில் ஓட்டியது.

நமக்கும் அந்தச் சரக்குக்கும் இன்னும் கொஞ்சம் உறவு உண்டு. ஆவடியில் கட்டும் அர்ஜுன் டாங்கியின் உடல்மேல் தென்னாப்பிரிக்க டெனெல் நிறுவனத்தின் டி-6 பீரங்கிக் கோபுரத்தை ஏற்றி 'பீம்' என்று பெயர் வைத்தார்கள். 2005-ல் லஞ்சப் புகாரில் டெனெல் இந்தியாவின் கறுப்புப் பட்டியலில் ஏற, பீமும் போயிற்று. டெனெலிடம் வாங்கவிருந்த பெரிய ரகத் துப்பாக்கிக்குப் பதில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 'வித்வன்சக்' செய்தது. ஆப்பிரிக்கச் சரக்கு மட்டம் என்று ஆவடியிலோ திருச்சியிலோ போய்ச் சொல்லிப் பாருங்கள்.

1999-ல் தென்னாப்பிரிக்கா பெரிய ஆயுத ஒப்பந்தம் ஒன்று போட்டது. அதில் வந்து சேர்ந்தவை 26 கிரிப்பென் போர் விமானம், 24 ஹாக் பயிற்சி விமானம், 4 போர்க்கப்பல், 3 நீர்மூழ்கி. அதில் எவ்வளவு லஞ்சம் புழங்கியது என்று நீதிமன்றத்தில் இன்னும் இழுபடுகிறது, அது தனிக் கதை. விமானங்கள் அருமையானவை. ஆனால் 2013 வாக்கில் பாதி கிரிப்பென்களைக் கிடங்கில் வைத்தார்கள். 2021-ல் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் எல்லாமே பல மாதங்கள் தரையில் நின்றன. ராணுவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் கீழே. அதிலும் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே சரி. பாதுகாப்பு மறுஆய்வு அறிக்கை, படை ஆபத்தான சரிவில் இருக்கிறது என்று பத்து வருடங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டது. உங்கள் பட்டியலில் அந்த 26 இன்னும் 26-ஆகவே நிற்கிறது.

இப்போது ஆள். மார்ச் 2013-ல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் சுமார் 200 தென்னாப்பிரிக்க வீரர்கள், ஆயிரக்கணக்கில் வந்த செலேகா கிளர்ச்சியாளர்களை எதிர்த்து நின்றார்கள். 13 பேர் செத்தார்கள். கவச வண்டி இல்லை, மேலே விமானம் இல்லை. அப்படியும் சிதறி ஓடவில்லை. அதே வருடம் நவம்பரில் காங்கோவின் கிழக்கே, தான்சானியா, மலாவி வீரர்களோடு ஐ.நா. கொடியின் கீழ் எம்-23 கிளர்ச்சியாளர்களை அடித்து விரட்டினார்கள். அங்கே சொந்தத் தயாரிப்பான ரூயிவால்க் ஹெலிகாப்டர் முதல் தடவையாகச் சண்டைக்குப் போனது. மொத்தமே 12 கட்டிய ஹெலிகாப்டர் அது, வெளிநாட்டில் ஒருவரும் வாங்கவில்லை. ஆனால் வேலை செய்தது.

ஜனவரி 2025-ல் அதே கிழக்குக் காங்கோவில், கோமா நகரின் பக்கம், அதே எம்-23. இந்தத் தடவை விமான பலமும் இல்லை, ரூயிவால்க்கும் இல்லை. 14 தென்னாப்பிரிக்க வீரர்கள் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் முகாமில் அடைபட்டு, கடைசியில் ருவாண்டா வழியாகவே வீடு திரும்ப வேண்டியிருந்தது. எம்-23-க்குப் பின்னால் ருவாண்டா ராணுவம் இருக்கிறது என்பது ஐ.நா. நிபுணர் குழு திரும்பத் திரும்பச் சொன்னது, ருவாண்டா மறுப்பது. 2013-க்கும் 2025-க்கும் நடுவில் தென்னாப்பிரிக்கச் சிப்பாயின் ரத்தம் மாறிவிட்டதா? மாறியது ஷெட்டில் பறக்கும் நிலையில் இருந்த ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை. அதோடு, அது தெரிந்தும் ஆளை அனுப்பிய அரசியல்வாதியின் துணிச்சல்.

ருவாண்டா பெயர் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் 2019-ல் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை போய் அடி வாங்கித் திரும்பியது. ஜூலை 2021-ல் ருவாண்டா சுமார் 1,000 பேரை அனுப்பியது. ஆகஸ்ட் 8-ல் மொசிம்போவா த பிராயா துறைமுகம் மீட்கப்பட்டது. அவர்களிடம் பட்டியலில் போட்டுப் பெருமைப்படும்படி பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. நடந்து ரோந்து போனார்கள், கட்டுப்பாட்டோடு இருந்தார்கள். காங்கோவில் அந்தப் படை செய்வதை நான் கண்டிக்கிறேன். அதற்காக அதன் தரத்தைக் குறைத்துச் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும்.

நைஜீரியாதான் எனக்கு வயிறு எரியும் விஷயம். "போகோ ஹராம் வந்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிய படை" என்று நீங்கள் கேலி செய்வது இந்தப் படையைத்தான். 2014-ல் போர்னோ மாநிலத்தில் போகோ ஹராம் தீவிரவாதிகள் பிடித்திருந்த டெல்வா, புலாபுலின், டம்போவா என்ற ஊர்களை மீட்கப் போகச் சொன்னபோது சிப்பாய்கள் மறுத்தார்கள். சரியான ஆயுதம் இல்லாமல் போனால் சாவுதான் என்றார்கள். அந்த டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் 54 பேருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு சிறைத் தண்டனையாகக் குறைத்தார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் அரசே ஒன்றைச் சொன்னது: 12 ஹெலிகாப்டர், 4 போர் விமானம், குண்டு, தோட்டா என்று சுமார் 200 கோடி டாலருக்குப் போலி ஒப்பந்தங்கள், சரக்கு வரவே இல்லை. பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சம்போ தசுகி கைதானார்; அவர் குற்றத்தை மறுத்தார், வழக்கு வருடக்கணக்கில் நீண்டது. தோட்டா இல்லை என்று சொன்ன சிப்பாய்க்கு நாலு மாதத்தில் தீர்ப்பு. இதைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு "ஓடிய படை" என்று எழுதுங்கள்.

உகாண்டாவிலும் இந்தக் கதை உண்டு. 1998-ல் பெலாரஸிலிருந்து நாலு மி-24 வாங்கினார்கள், வந்து இறங்கியவை பறக்க லாயக்கில்லாதவை. நீதிபதி ஜூலியா செபுடிண்டே தலைமையில் விசாரணை கமிஷன் உட்கார்ந்தது. வாங்கும் முன் கழற்றிப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போயிருந்தால் போதும். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்து முகாமில் இல்லாத ஆவிச் சிப்பாய்கள் விவகாரத்தில் முன்னாள் ராணுவத் தளபதி ஜேம்ஸ் கசினியே 2008-ல் தண்டிக்கப்பட்டார். நீங்கள் "துருப்பு எண்ணிக்கை" என்று போடும் எண்ணுக்குள் இந்த ஆவிகளும் உண்டு.

நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இன்னொரு விஷயம் 2000-ம் ஆண்டின் சியரா லியோன். ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய நம் மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி, நைஜீரிய மேலதிகாரிகள் வைரத்துக்காகக் கிளர்ச்சியாளர்களோடு கைகோர்த்ததாக எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது, நைஜீரியா கொதித்தது. அந்தக் குறிப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே வருடம் ஜூலையில் கைலாஹுனில் சிக்கிய நம் கூர்க்கா வீரர்களை மீட்ட 'ஆபரேஷன் குக்ரி'யில் கானா, நைஜீரிய பட்டாலியன்களும் இருந்ததைச் சொல்வதில்லை. நைஜீரியாவின் கடூனா ராணுவ அகாதமியின் முதல் தலைவரே ஓர் இந்திய பிரிகேடியர்தான். எத்தியோப்பியாவின் ஹரார் அகாதமியிலும் நம் அதிகாரிகள் பாடம் எடுத்தார்கள். "அவனுக்குத் தெரியாது" என்றால் சொல்லிக் கொடுத்தவர்கள் வரிசையில் நாமும் நிற்கிறோம். கொரியப் போருக்குப் போன எத்தியோப்பியாவின் காக்னியூ பட்டாலியன்களில் 120 பேருக்கு மேல் செத்தார்கள். ஒருவர்கூட எதிரியிடம் கைதியாக மாட்டவில்லை. அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்த பட்டியலில் "மொத்தம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "இன்று கிளம்பக்கூடியது" என்று ஒரு கட்டம் போடுங்கள். எண் கிடைக்காத இடத்தில் வெறுமையாக விடுங்கள், மொத்தத்தையே அங்கே எழுதிவிடாதீர்கள். சிப்பாய்க்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா, தளபதி திறமைக்கு வந்தவரா அதிபரின் உறவுக்கு வந்தவரா என்று நாட்டுக்கு இரண்டு வரி எழுதுங்கள். இன்னொன்று, சொந்த மக்கள்மேல் என்ன செய்தது என்பதையும் சேருங்கள்: ஜனவரி 2017-ல் நைஜீரிய விமானப்படை ரான் ஊரில் அகதி முகாமின் மேல் குண்டு போட்டது, குறைந்தது 90 பேர் செத்தார்கள். அந்த விமானம் அன்று நன்றாகத்தான் பறந்தது.

54 நாடுகளுக்கும் இதைச் செய்ய நேரம் இல்லை என்பீர்கள். தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, சாட், ருவாண்டா இந்த நாலுக்கு மட்டும் செய்து பாருங்கள். வரிசை எப்படி மாறுகிறது என்று நானும் படிக்கிறேன். தப்பு இருந்தால் வழக்கம்போல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஈ.எம்.ஈ. ஹவில்தார் ஒருவன்