பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதைக் கேள்விப்பட்டதும் ஏழெட்டு வருடக் கணினியை எடைக்குப் போட்டுவிட்டு, கடன் வாங்கியாவது புதிது வாங்கக் கிளம்புகிற குடும்பங்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. அந்தக் கணினிகளில் பலவற்றுக்கு ஓர் எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்), தேவைப்பட்டால் ஒரு ரேமும் (கணினியின் தற்காலிக நினைவகம்) போதும்.

ஆதரவு நின்றாலும் கணினி நின்றுவிடாது. பாதுகாப்பு அப்டேட் வராது என்பதுதான் ஆபத்து. அதற்கும் அவகாசம் தந்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்கும் வீட்டுக் கணினிகள், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது. செட்டிங்ஸ் பேக்கப்புக்குச் சம்மதித்தால் கட்டணமும் இல்லை.

அடுத்தது வேகம். "சிஸ்டம் ஸ்லோ" என்றால் உடனே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியூவும் மெமரியும் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். விண்டோஸ் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் சுழலும் தட்டில் படிக்கும் முள் அங்குமிங்கும் ஓடி, நொடிக்குச் சுமார் நூறு இடங்களைத்தான் தொட முடியும். சாதாரண சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை) எஸ்எஸ்டி பல்லாயிரம் இடங்களைத் தொடும். அதனால்தான் ஃபார்மட் செய்த கணினி சில வாரங்களில் மறுபடியும் திணறுகிறது.

டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். 05 (கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்டவை), சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால், டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருப்பதாகப் பொருள். அப்போது செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியை ஓட்டவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது முழுவதும் உருட்டிப் படிக்கும். இருக்கிற கோப்புகளும் போய்விடலாம். முதலில் போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சி7 (கேபிள் வழியே தரவு போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும்; பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (விண்டோஸோடு முழு நகல்) செய்யலாம். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் தடவை பூட் செய்ய (கணினியைத் தொடங்க) வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க்குகளைப் பார்த்து விண்டோஸ் குழம்பும். பல வீடுகளில் எஸ்எஸ்டி போட்ட பிறகும் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருப்பது இதனால்தான். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா முறை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். இன்ஸ்டால் ஆன பிறகு அதை மாற்றினால் நீலத்திரைதான் வரும். டிஸ்க் கெட்டிருந்தால் குளோன் வேண்டாம், 8 ஜிபி பென்டிரைவிலிருந்து எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு (கணினியின் முதன்மைப் பலகை) ஒட்டியது. டிஸ்க்கையோ ரேமையோ மாற்றினால் அது போகாது. புது லைசென்ஸ் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாட்டா மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. மதர்போர்டு கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தேகமிருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், பழைய டிஸ்க்கின் கேபிள்களே அதற்குப் பொருந்தும்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரண்டு ரேம் தலைமுறைகளுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. பல பழைய லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகைதான் வேண்டும். டெஸ்க்டாப்பில் பீப் சத்தம் வந்து திரை வரவில்லை என்றால் மதர்போர்டு போய்விட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, ரேமைக் கழற்றித் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, 'டக்' என்று பூட்டும்வரை செருகுங்கள். தேதி அடிக்கடி பின்னால் போய், எந்த இணையதளமும் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுத்தால், மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரியை மாற்றினால் போதும்.

விண்டோஸ் 11 வேண்டுமா? இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல் பார்க்கலாம். ஐ5-8400 தேறும், ஐ5-7400 தேறாது. தகுதியுள்ள கணினியே "தகுதியில்லை" என்று காட்டினால் டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்) அணைந்திருக்கலாம். பயாஸில் இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்யுங்கள். பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைப்பது அவசியம். அது இல்லாமல் டிஸ்க் பூட்டிக்கொண்டால் கோப்புகளைத் திறக்க யாராலும் முடியாது.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்ட எஸ்எஸ்டியின் பிராண்டு, கொள்ளளவு, சீரியல் எண் மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வாரன்டிக்கு அதுவே ஆதாரம். கழற்றிய டிஸ்க்கை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். அதில் ஆதார் நகலும் வங்கி விவரமும் குடும்பப் படங்களும் இருக்கும். குயிக் ஃபார்மட் செய்தாலும் அவற்றை மீட்டெடுக்க முடியும். கொடுக்க மறந்தால் வாசகர்களே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
ஈரோடு.